இரண்டு கேள்வி, நூறு விநாடி: கிங் கவுண்டியின் தொலைபேசி சிபிஆர் – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் நகரமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்தது கிங் கவுண்டி. அங்கே 911 என்ற அவசர எண்ணுக்கு வந்த இதய நிறுத்த அழைப்புகளின் ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேட்டு, எந்த விநாடியில் என்ன நடந்தது என்று குறித்து, 2013-ல் ஓர் ஆய்வாக வெளியிட்டார்கள். அதில் இரண்டு எண்களை இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது. இதயம் நின்றுவிட்டது என்று அழைப்பு எடுப்பவர் கண்டுகொள்ள ஆன நேரம் 75 விநாடி. அவர் சொல்லிக்கொடுத்து, அழைத்தவரின் கை நோயாளியின் நெஞ்சை முதல்முறை அழுத்த ஆன நேரம் 176 விநாடி. இரண்டும் இடைநிலை அளவுகள். அதாவது பாதி அழைப்புகளில் இதைவிடக் குறைவு, பாதியில் இதைவிட அதிகம்.

கண்டுகொண்ட பிறகும் ஏறக்குறைய நூறு விநாடி எங்கே போனது? தொலைபேசி வழியாக மருத்துவ உதவி சொல்லும் பயிற்சியின் சாரம் இந்தக் கேள்விதான். அழைத்தவருக்கு சிபிஆர் (நெஞ்சை அழுத்தி இரத்தத்தை ஓடவைக்கும் முதலுதவி) தெரியாது, அதனால்தான் தாமதம் என்று சொல்வது எளிது. பதிவுகளைக் கேட்டால் வேறு கதை வெளிப்படும். நேரம் கரைவது பெரும்பாலும் அழைப்பு எடுக்கும் நம் பக்கத்தில்: கேள்வியின் வரிசையில், சொல் தேர்வில், தேவையில்லாத விளக்கத்தில். திருத்தக்கூடியதும் அந்தப் பக்கம்தான்.

களம்

மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. மாரடைப்பில் இரத்தக்குழாய் அடைபடுகிறது. ஆள் பேசுவார், வியர்ப்பார், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். இதய நிறுத்தத்தில் இதயம் இரத்தத்தைத் தள்ளுவதே நின்றுபோகிறது; சில விநாடிகளில் நினைவு தப்பும். மாரடைப்பு இதய நிறுத்தத்தில் முடியலாம், ஆனால் தொலைபேசியில் இரண்டுக்கும் செய்யவேண்டியது வேறு.

சியாட்டிலில் 1970-ல் மெடிக் ஒன் என்ற துணை மருத்துவ வண்டிச் சேவை தொடங்கியது. வண்டி எவ்வளவு விரைந்து போனாலும் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களின் விலையை 1993-ல் கிங் கவுண்டி தரவைக் கொண்டே ஒரு வாய்பாடாக்கினார்கள். மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கக்கூடிய வகை இதய நிறுத்தத்தில், விழுந்த நொடியிலேயே எல்லாச் சிகிச்சையும் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் பிழைப்பவர்கள் 67 விழுக்காடு. எதுவுமே கிடைக்காவிட்டால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 5.5 புள்ளி குறைகிறது. அந்த 5.5-ல் 2.3 புள்ளி சிபிஆர் தாமதத்துக்கு, 1.1 மின்னதிர்ச்சித் தாமதத்துக்கு, 2.1 மேல்சிகிச்சைத் தாமதத்துக்கு. வண்டி வரும்வரை அழைப்பு எடுப்பவரால் தடுக்கக்கூடிய இழப்பு அந்த 2.3.

தொலைபேசியில் சிபிஆர் சொல்லிக்கொடுக்கும் திட்டத்தை 1980-களின் தொடக்கத்தில் மிக்கி ஐசன்பெர்க் முதலிய மருத்துவர்கள் கிங் கவுண்டியில் கொண்டுவந்தார்கள். 1985-ல் வெளியான முடிவின்படி, அக்கம்பக்கத்தார் சிபிஆர் செய்த நிகழ்வுகள் 45 விழுக்காட்டிலிருந்து 56-ஆக உயர்ந்தன. பிறகு 1983 முதல் 2000 வரையான 7,265 இதய நிறுத்தங்களை எடுத்துப் பார்த்தபோது, யாரும் சிபிஆர் செய்யாத நிலையோடு ஒப்பிட, தொலைபேசி வழிகாட்டுதலில் சிபிஆர் கிடைத்தவர்கள் பிழைக்கும் வாய்ப்பு விகிதம் 1.45 மடங்கு. தொலைபேசி உதவி இல்லாமல் அருகிலிருந்தவர்கள் தாமாகச் செய்ததற்கு அது ஓரளவே குறைவு. முன்பின் கை வைத்தே பழகாத ஒருவர், காதில் கேட்கும் குரலை மட்டும் நம்பிச் செய்தது இது.

இரண்டு கேள்வி

கிங் கவுண்டியின் முறை இரண்டு கேள்விகளில் நிற்கிறது. நினைவு இருக்கிறதா? மூச்சு வழக்கம்போல் இருக்கிறதா? இரண்டுக்கும் "இல்லை" என்றால், மூன்றாவது கேள்வி கிடையாது, நேராக நெஞ்சழுத்தம். தமிழில் பயிற்சி கொடுக்கும்போது "இல்லை, இல்லை, அழுத்து" என்று மனப்பாடம் செய்ய வைக்கலாம். வயது, பழைய நோய், சாப்பிடும் மாத்திரை எல்லாம் வண்டிக்காரர்களுக்கு வேண்டியவை; கை நெஞ்சில் இறங்கிய பிறகு கேட்கலாம்.

முகவரிதான் எல்லாவற்றுக்கும் முன். முகவரி வந்ததும், நினைவில்லை என்ற சொல் காதில் விழுந்ததும், கேள்விகள் முடியும்வரை காத்திருக்காமல் அருகிலுள்ள தீயணைப்பு வண்டியை அனுப்பிவிடுவது அங்குள்ள வழக்கம். வண்டி புறப்பட்டதை அழைத்தவரிடம் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால், "கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கீங்களே, முதல்ல வண்டியை அனுப்புங்க" என்ற கோபத்தைத் தணிப்பதிலேயே அரை நிமிடம் போகும். "வண்டி கிளம்பிடுச்சு. நான் பேசறதால வண்டி தாமதமாகாது." இந்த இரண்டு வாக்கியம் எல்லா மேசையிலும் ஒட்டியிருக்க வேண்டும்.

முதல் கேள்வி யாரையும் குழப்புவதில்லை. அழைப்பு எடுப்பவர்கள் தவறு செய்வது இரண்டாவதில். இதயம் நின்ற பிறகும் மூளைத்தண்டு சிறிது நேரம் இயங்கும். அதனால் வாய் திறந்து திறந்து மூடும், குறட்டை போல் ஒரு சத்தம் வரும், நெடுநேரம் விட்டு ஒரு பெருமூச்சு எழும். இது மூச்சு அல்ல, மூச்சின் எச்சம். 1992-ல் வெளியான கிங் கவுண்டி ஆய்வில் சுமார் 40 விழுக்காடு இதய நிறுத்தங்களில் இது இருந்தது. இன்னும் முக்கியமானது, இப்படி மூச்சிழுத்தவர்களில் 27 விழுக்காடு பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள்; அது இல்லாதவர்களில் 9 விழுக்காடுதான். காப்பாற்ற அதிக வாய்ப்பு உள்ளவரைத்தான் "மூச்சு இருக்கு" என்ற ஒரே பதிலால் நாம் கைவிடுகிறோம்.

தமிழில் இந்த ஆபத்து இன்னும் கூர்மையானது. "மூச்சு இருக்கா?" என்று கேட்டால், எச்ச மூச்சு இழுத்துக்கொண்டிருப்பவரைப் பார்ப்பவர் "இருக்கு" என்றுதான் சொல்வார். நம் வழக்கில் "மூச்சு இருக்கு" என்றாலே "உயிர் இருக்கு" என்று பொருள். அழைத்தவர் கேள்விக்கு உண்மையாகவே பதில் சொல்கிறார், கேள்விதான் தவறு. "எப்பவும் போல சீரா மூச்சு விடறாரா?" என்று கேட்கவேண்டும். "எப்பவும் போல" என்ற இரண்டு சொல்லை விட்டுவிட்டால் கேள்வியே மாறிவிடுகிறது.

பதிலில் வரும் சொற்களுக்கும் காதைப் பழக்கவேண்டும். "இழுத்துக்கிட்டு இருக்கு", "குறட்டை விடற மாதிரி", "வாய் வாயா திறக்கறாரு", "மேல்மூச்சு வாங்குது", "அப்பப்ப ஒரு மூச்சு வருது", "கர்ருன்னு ஒரு சத்தம்". நினைவில்லாத பெரியவரைப் பற்றி இவற்றில் எது வந்தாலும் அதை "இல்லை" என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அழைத்தவர் தயங்கினால் அதுவும் "இல்லை"தான். நன்றாக மூச்சுவிடுபவரைப் பார்த்து யாரும் தயங்குவதில்லை.

சந்தேகம் தீராவிட்டால் பாரிஸ் தீயணைப்புப் படையின் வழி ஒன்று உண்டு: அழைத்தவரின் கையை நோயாளியின் வயிற்றில் வைக்கச் சொல்லி, வயிறு எழும் ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லச் சொல்வது. அழைப்பு எடுப்பவர் இடைவெளியைத் தானே எண்ணிப் பார்க்கிறார். அழைத்தவர் தீர்ப்பு சொல்லவேண்டியதில்லை, பார்த்ததைச் சொன்னால் போதும். ஆனால் எல்லா அழைப்பிலும் இதைச் செய்யக் கூடாது. இரண்டு கேள்வியிலேயே விடை தெரிந்த இடத்தில் இது வீண் தாமதம்.

வலிப்பும் ஏமாற்றும். இதயம் நின்றதும் மூளைக்கு இரத்தம் போகாமல் கை கால் சில விநாடி வெட்டி இழுக்கலாம். "ஃபிட்ஸ் வந்துடுச்சு" என்று அழைப்பு வரும். நம் ஊரில் அதோடு வீட்டிலுள்ளவர்கள் சாவிக்கொத்தோ இரும்போ தேடி ஓடுவார்கள், வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். வலிப்பு என்று சொன்னாலும், வெட்டுவது நின்றதும் இரண்டு கேள்வியையும் திரும்பக் கேட்கவேண்டும். "கையில எதுவும் குடுக்க வேண்டாம், வாயில தண்ணி ஊத்தாதீங்க" என்பதைக் கண்டிக்கும் குரலில் சொல்லாமல், வேலை சொல்லும் குரலில் சொல்லவேண்டும்.

ஓர் அழைப்பை விநாடி விநாடியாக

கீழே உள்ளது பயிற்சிக்காக இட்டுக்கட்டிய அழைப்பு, உண்மையில் நடந்ததல்ல. இடப்பக்கம் நேரம்.

0:00 – "அவசர உதவி. எந்த இடத்துலேருந்து பேசறீங்க?"

0:03 – "ஐயோ, சீக்கிரம் வாங்க சார், எங்க வீட்டுக்காரரு பேசிக்கிட்டே இருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாரு!"

0:07 – "வர்றோம்மா. வீட்டு நம்பர், தெரு சொல்லுங்க." (முகவரி 0:17-ல் முடிகிறது.)

0:18 – "வண்டிக்குச் சொல்லியாச்சும்மா. தட்டிக் கூப்பிட்டா கண்ணு முழிக்கிறாரா?"

0:21 – "இல்லைங்க, அசைவே இல்லை."

0:23 – "எப்பவும் போல சீரா மூச்சு விடறாரா?"

0:26 – "மூச்சு இருக்குங்க... ஆனா குறட்டை மாதிரி இழுக்குது."

0:30 – "அது சரியான மூச்சு இல்லைம்மா. நாம இப்ப அவர் நெஞ்சை அழுத்தப் போறோம். நான் கூடவே இருக்கேன். ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டு அவர் தலைமாட்டுல வைங்க."

0:40 – "எங்க படுத்திருக்காரு?" "கட்டில்ல."

0:43 – "தரைக்கு இறக்கணும். கைக்கு அடியில கையைக் குடுத்தோ, விரிப்போட சேர்த்தோ இழுங்க. மெதுவா விழுந்தாலும் பரவாயில்லை."

1:06 – "இறக்கிட்டேன்."

1:07 – "மல்லாக்கப் படுக்க வைங்க. பக்கத்துல முட்டி போடுங்க. ஒரு உள்ளங்கை அடிப்பக்கத்தை நெஞ்சுக்கு நடுவுல வைங்க. இன்னொரு கை அதுக்கு மேல. கை மடங்காம, எவ்வளவு அழுத்த முடியுமோ அவ்வளவு அழுத்தி விடுங்க. என்கூடச் சத்தமா எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

1:24 – முதல் அழுத்தம்.

கண்டுகொண்டது 0:30-ல். முதல் அழுத்தம் அதற்கு 54 விநாடி பிறகு. அதிலும் 23 விநாடி கட்டிலிலிருந்து இறக்கவே போயிற்று. இதைவிடக் குறைப்பது கடினம். ஆனால் பயிற்சி இல்லாத ஒருவர் இதே அழைப்பில் ஒரு நிமிடத்தைக் கூடுதலாகத் தொலைக்க மூன்று இடங்கள் காத்திருக்கின்றன.

முதலாவது 0:30-ல் உள்ள "போறோம்". அங்கே "உங்களுக்கு சிபிஆர் பண்ணத் தெரியுமா?" என்றோ "பண்ணுறீங்களா?" என்றோ கேட்பதே மனித இயல்பு. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர அழைப்புகளை மொழியியலாளர்கள் ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட கணக்கு இது: "நாம் சிபிஆர் செய்யப்போகிறோம்" என்ற தொனியில் சொன்னபோது 97 விழுக்காடு பேர் ஒப்புக்கொண்டார்கள். "நீங்கள் செய்தாக வேண்டும்" என்றபோது 84. "செய்ய விரும்புகிறீர்களா?" என்றபோது 43. உயிரும் சாவும் ஒரு வினைமுற்றில் தொங்குகிற இடம் இது. தமிழுக்கு இங்கே ஆங்கிலத்தில் இல்லாத வசதி ஒன்று இருக்கிறது: "நாங்க" வேறு, "நாம" வேறு. "நாங்க" என்றால் எதிரே உள்ளவர் சேர்த்தியில்லை, "நாம" என்றால் அவரும் உள்ளே. "நாம அழுத்தப் போறோம்" என்றதும், முன்பின் அறியாத குரலும் தானும் ஒரே வேலையில் இறங்கிவிட்டதை அந்தப் பெண்மணி கேட்கிறார். பயிற்சியில் "நாங்க" என்று வாய் தவறுபவர்களை அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்தவேண்டும்.

இரண்டாவது 0:43. கட்டிலின் மெத்தையில் அழுத்தினால் நெஞ்சு அமுங்காது, மெத்தைதான் அமுங்கும். அதனால் தரைக்கு இறக்கவேண்டும். ஆனால் எண்பது கிலோ கணவரை ஐம்பது கிலோ மனைவி இறக்க முடியாமல் மூன்று நிமிடம் போராடுவதும் நடக்கிறது. நாமே ஒரு எல்லை வைத்துக்கொள்ளலாம்: ஒரு முறை இழுக்கச் சொல், அக்கம்பக்கத்தில் யாரையாவது கத்திக் கூப்பிடச் சொல், முடியாதென்றால் படுத்த இடத்திலேயே அழுத்தத் தொடங்கு. அரைகுறை அழுத்தம் வெறுங்கையைவிட மேல். நாற்காலியில் உட்கார்ந்தபடி நினைவிழந்தவருக்கு வேலை எளிது. சாய்த்துக் கீழே சரிக்கச் சொன்னால் போதும். கழிவறையில் கதவுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கியவர்தான் மிகக் கடினம். காலைப் பிடித்து வெளியே இழுக்கச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது, விளக்கம். சட்டையைக் கழற்றச் சொல்வது பழைய கையேடுகளில் இருந்தது. அதை நீக்கிப் பார்த்த ஒரு பயிற்சிச் சோதனையில் முதல் அழுத்தம் சுமார் 30 விநாடி முன்னதாக வந்தது. புடவையோ சட்டையோ, அதன் மேலேயே அழுத்தலாம். "ரெண்டு அங்குலம் அமுங்கற மாதிரி உறுதியா அழுத்துங்க" என்பதற்குப் பதில் "முடிஞ்ச மட்டும் பலமா அழுத்துங்க" என்று சொன்னபோது, பொம்மைமீது செய்த ஒரு 2008 சோதனையில் ஆழம் சராசரி 29.7 மில்லிமீட்டரிலிருந்து 36.4-ஆகக் கூடியது. வேண்டியதோ குறைந்தது 50 மில்லிமீட்டர். அதனால் முதல் அரை நிமிடத்துக்குப் பிறகும் "இன்னும் பலமா" என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

வாய்வழிச் சுவாசத்தை விட்டதும் இதே கணக்கில்தான். சியாட்டிலில் நடந்து 2000-ல் வெளியான சோதனையில், வெறும் நெஞ்சழுத்தம் சொல்லிக்கொடுத்த குழுவில் 81 விழுக்காடு அழைப்புகளில் முழு வழிகாட்டுதலும் முடிந்தது. வாய்வழிச் சுவாசமும் சேர்த்துச் சொன்னதில் 62 விழுக்காட்டில்தான். சொல்லி முடிக்கும் நேரமும் 1.4 நிமிடம் குறைந்தது. பிழைத்து வீடு திரும்பியவர்கள் 14.6-க்கு 10.4 விழுக்காடு, அது புள்ளியியல் அடிப்படையில் உறுதியான வேறுபாடு அல்ல, ஆனாலும் சுருக்கிச் சொன்னதால் கெடுதல் இல்லை என்பது தெளிவு. பெரியவர்களுக்குத் தொலைபேசியில் நெஞ்சழுத்தம் மட்டும் என்ற வழக்கம் இப்படி நிலைபெற்றது. குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் இது பொருந்தாது. அங்கே பெரும்பாலும் மூச்சு நின்றுதான் இதயம் நிற்கிறது, ஊதியே ஆகவேண்டும். அந்த இரண்டுக்கும் தனி அட்டை வேண்டும்.

எண்ணுவதில் ஒரு சிறு நுணுக்கம். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒன்றிலிருந்து முப்பது வரை எண்ணச் சொன்னால் தமிழில் பதினொண்ணைத் தாண்டியதும் வேகம் தானாகக் குறையும். "இருபத்தேழு" என்று சொல்லி முடிப்பதற்குள் ஓர் அழுத்தம் போய்விடும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று நாலுக்குள்ளேயே சுற்றினால் எல்லாமே இரண்டு அசை, தாளம் தப்பாது. அழைப்பு எடுப்பவரின் மேசையில் 110-க்கு வைத்த, தாளம் காட்டும் ஒரு மெட்ரோனோம் விளக்கு இருப்பது நல்லது. சத்தம் வேண்டாம், விளக்கு போதும்.

எலும்பு முறிந்தால்?

அழைப்பு எடுப்பவர்களின் தயக்கத்துக்கு அடியில் இருப்பது இந்தப் பயம்தான்: இதயம் நிற்காதவரின் நெஞ்சை அழுத்த வைத்துவிட்டால்? கிங் கவுண்டி இதையும் கணக்கெடுத்தது. முடிவு 2010-ல் வந்தது. தொலைபேசி சிபிஆர் தொடங்கிய 1,700 பேரில் 762 பேருக்கு உண்மையில் இதயம் நிற்கவே இல்லை. அவர்களில் 313 பேருக்கு அழுத்தம் வரை போனது. முழு விவரம் கிடைத்த 247 பேரில் 12 விழுக்காட்டினருக்கு வலி, சுமார் 2 விழுக்காட்டினருக்கு எலும்பு முறிவு. உள்ளுறுப்பு கிழிந்தவர் ஒருவரும் இல்லை. வலிக்கிறவர் கையைத் தட்டிவிடுவார், முனகுவார், அழைத்தவர் நிறுத்திவிடுவார். தவறாகத் தொடங்கினால் அதன் விலை ஒரு விலா எலும்பு. தவறாகத் தொடங்காமல் விட்டால் அதன் விலை ஆள். பயிற்சியின் முதல் நாளே இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிடவேண்டும். பயந்த ஊழியர் மூன்றாவது, நான்காவது கேள்வி கேட்டுத் தன்னைக் காத்துக்கொள்வார். அந்த நேரத்தைக் கொடுப்பவர் கீழே கிடப்பவர்.

பயிற்சியை நடத்துவது

கிங் கவுண்டி அனுபவத்திலிருந்தும் 2008-ல் அங்கே தொடங்கிய ரிசசிடேஷன் அகாடமி என்ற உயிர்மீட்புப் பயிற்சி அமைப்பு பரப்பிய முறைகளிலிருந்தும் எடுத்து, தமிழில் நடத்த ஏற்றபடி நாங்கள் பரிந்துரைக்கும் ஒழுங்கு இது.

முதலில் காது. எச்ச மூச்சின் சத்தத்தை இருபது முப்பது பதிவுகளில் கேட்க வைக்கவேண்டும். நடுவில் உண்மையான குறட்டை, ஆஸ்துமா இழுப்பு, வலிப்புக்குப் பிந்தைய கனத்த மூச்சு என்று கலந்து. கேட்டதும் கையைத் தூக்கவேண்டும், விவாதம் கூடாது. ஓர் எச்ச மூச்சையும் தவறவிடாத வரை அடுத்த கட்டத்துக்குப் போகக்கூடாது.

பிறகு உடம்பு. அழைப்பு எடுப்பவர் ஒவ்வொருவரும் தரையில் முட்டி போட்டு, பொம்மையின் நெஞ்சில் இரண்டு நிமிடம் முழுக்க அழுத்தவேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து "அழுத்துங்க" என்று சொல்வது எளிது. ஒன்றரை நிமிடத்தில் தோள் எப்படிக் கடுக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் எப்போது "வேற யாராவது இருந்தா மாத்தி விடுங்க" என்று கேட்கவேண்டும் என்று தெரியும். இதைத் தவிர்க்கும் மையங்கள் உண்டு. தவிர்க்கக் கூடாது.

மூன்றாவது, ஒத்திகை. இருவர் முதுகோடு முதுகு சேர்த்து உட்காரவேண்டும். முகம் தெரிந்தால் தலையசைப்பைப் பார்த்துப் பதில் தெரிந்துவிடும். தொலைபேசியில் அது கிடையாது. மூன்றாமவர் நிறுத்தக் கடிகாரத்தோடு ஐந்து நேரங்களைக் குறிக்கிறார்: அழைப்பு எடுத்தது, முகவரி முடிந்தது, கண்டுகொண்டது, சொல்லத் தொடங்கியது, முதல் அழுத்தம். அழைப்பவர் வேடம் போடுபவர் எளிதான ஆளாக இருக்கக் கூடாது. அலறுபவர், ஃபோனைக் கீழே வைத்துவிட்டு ஓடுபவர், "அவர் போயிட்டாரு சார், விடுங்க" என்று அழுபவர், நோயாளி மேல்மாடியில் கிடக்கத் தெருவில் நின்று பேசும் கடைக்காரர், வாய்க்கு வாய் கேள்வி கேட்கும் மைத்துனர். தெருவில் நிற்பவரைப் பக்கத்தில் போகச் சொல்வதே முதல் வேலை. கைக்கு எட்டாத தூரத்திலிருந்து பேசுபவரிடம் கேட்கும் எந்தக் கேள்விக்கும் பயனில்லை.

அலறலுக்கு ஒரு தனிப் பாடம் வேண்டும். "அமைதியா இருங்க" என்று சொன்னால் யாரும் அமைதியாவதில்லை. குரலை உயர்த்தாமல், ஒரே வாக்கியத்தை, அதே சொற்களில், அதே தொனியில், மூன்று நான்கு முறை திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும்: "அம்மா, அவரைக் காப்பாத்த நான் சொல்றதைக் கேளுங்க." சொற்களை மாற்றினால் ஒவ்வொன்றும் புதுச் சத்தமாகி மேலும் குழப்பும்.

முதல் கேள்வியின் சொல்லும் பொருட்டானது. பெர்த் ஆய்வாளர்களின் இன்னொரு கண்டுபிடிப்பு: "என்ன நடந்தது?" என்று இறந்தகாலத்தில் கேட்டால் மக்கள் கதை சொல்கிறார்கள், இப்போதைய நிலையை ஒட்டிக் கேட்டால் நிலையைச் சொல்கிறார்கள். கதைக்குச் செலவானது இடைநிலையாக 18 விநாடி, நிலைக்கு 9. தமிழில் "என்னாச்சு?" என்று கேட்டால் காலையில் சாப்பிட்ட இட்லியிலிருந்து தொடங்குவார்கள். "இப்ப எப்படி இருக்காரு?" என்று கேளுங்கள்.

நான்காவதுதான் எல்லாவற்றையும் தாங்கி நிற்பது: பதிவைக் கேட்டல். உறுதிப்பட்ட இதய நிறுத்தம் ஒவ்வொன்றின் அழைப்பையும் போட்டுக் கேட்டு, அந்த ஐந்து நேரங்களையும் குறித்து, எடுத்தவரிடமே காட்டவேண்டும். சில நாள்களுக்குள் காட்டவேண்டும். மாதக் கடைசியில் காட்டினால் அந்த அழைப்பே அவருக்கு நினைவிருக்காது. தண்டிக்கும் கோப்பில் இது போகக் கூடாது. ஒருமுறை சம்பள உயர்வோடு முடிச்சுப் போட்டுவிட்டால், அடுத்த வாரமே ஊழியர்கள் நேரத்தைக் காட்டுவதற்காக "அழுத்துங்க" என்று சொல்லிவிட்டு, அழுத்துகிறாரா என்று கவனிக்காமல் விடுவார்கள்.

இத்தகைய முறைகள் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அரிசோனா மாநிலம் காட்டியது. பீனிக்ஸ் பகுதியின் இரண்டு அழைப்பு மையங்களில் வழிமுறை, பயிற்சி, அளவெடுப்பு, திருப்பிச் சொல்லல் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொண்டுவந்து, 2010 அக்டோபர் முதல் 2013 செப்டம்பர் வரை அளந்தார்கள். தொலைபேசி சிபிஆர் கிடைத்தவர்கள் 43.5-லிருந்து 52.8 விழுக்காடு. முதல் அழுத்தத்துக்கான நேரம் 178-லிருந்து 155 விநாடி. பிழைத்து வீடு திரும்பியவர்கள் 9.1-லிருந்து 12.0 விழுக்காடு. இருபத்து மூன்று விநாடி மட்டுமே மிச்சம் பிடித்த இடத்தில் நூறு பேரில் மூன்று பேர் கூடுதலாக வீடு திரும்பினார்கள். விநாடியோடு, தொடங்கியவர்களின் எண்ணிக்கை கூடியதும் காரணமாக இருக்கலாம். கிங் கவுண்டியிலோ, சாட்சி முன்னால் விழுந்து மின்னதிர்ச்சிக்கு வசப்படும் இதயத்தோடு கிடந்தவர்களில் பிழைத்தவர்கள் 2013-ல் 62 விழுக்காடு. அதில் தொலைபேசிக்கு மட்டும் பங்கு இல்லை. தீயணைப்பு வண்டி, மின்னதிர்ச்சிக் கருவி, துணை மருத்துவர்கள் எல்லோரும் சேர்ந்த கணக்கு அது.

நம் பக்கத்தில்

சிங்கப்பூர் 2012-ல் தன் அவசர எண்ணான 995-க்கு வரும் அழைப்புகளில் இதைத் தொடங்கியது. அக்கம்பக்கத்தார் சிபிஆர் 22.4-லிருந்து 42.1 விழுக்காடாக ஏறியது. தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. அழைப்புகள் தமிழிலேயே எடுக்கப்படுகின்றன. வண்டி தூரம் போகவேண்டிய ஊர்களில் காதில் கேட்கும் குரலின் பங்கு இன்னும் பெரிது.

ஆங்கிலக் கையேட்டை அப்படியே மொழிபெயர்த்தால் வேலைக்காகாது என்பதற்கு "மூச்சு இருக்கா", "நாங்க – நாம", "என்னாச்சு" மூன்றும் போதிய சான்று. வட்டார வழக்கையும் கணக்கில் எடுக்கவேண்டும்: மதுரையிலும் நாகர்கோவிலிலும் கோவையிலும் எச்ச மூச்சுக்கு வேறு வேறு சொல் வரும். ஒவ்வொரு பகுதியின் பதிவுகளிலிருந்தும் அந்தச் சொற்களைத் திரட்டி ஓர் அட்டையாக மேசையில் வைக்கவேண்டும். வேறு தாய்மொழிக்காரர் அழைக்கும்போது தாமதம் கூடுவதை கிங் கவுண்டியிலேயே பார்த்திருக்கிறார்கள். அங்கே குறுஞ்சொல்தான் உதவும்: "தரை. முட்டி. நெஞ்சு. அழுத்து. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

இலக்கை எங்கே வைப்பது என்று கேட்பவர்களுக்கு: முகவரி முடிந்ததிலிருந்து 60 விநாடிக்குள் கண்டுகொள்ளல், 90 விநாடிக்குள் முதல் அழுத்தம். தொடங்கும் ஆண்டிலேயே அதை எட்ட முடியாது. முதல் ஆண்டில் ஒரே ஒரு எண்ணைப் பார்த்தால் போதும்: கண்டுகொண்டிருக்கக்கூடிய அழைப்புகளில் எத்தனையைத் தவறவிட்டோம்.

கடைசியாக ஒன்று, அழைப்பு எடுப்பவரைப் பற்றி. வண்டிக்காரர்கள் உள்ளே நுழைந்ததும் இணைப்பு துண்டாகிவிடும். பத்து நிமிடம் ஒரு மனைவியோடு சேர்ந்து எண்ணியவருக்கு அந்தக் கணவர் என்ன ஆனார் என்று தெரியாது. அடுத்த மணி அடித்துவிடும். ஒரு வாரத்துக்குள் மருத்துவமனையிடம் கேட்டு, பிழைத்தாரா இல்லையா என்று அவரிடம் நேரில் சொல்ல ஒருவரை நியமிக்கவேண்டும். இறந்துபோனார் என்றாலும் சொல்லவேண்டும். அவர் எடுத்த 54 விநாடியையும் சேர்த்து.